எப்போது பிடித்தது

ஒரே ஒரு எழுத்துதானே என்று நினைத்தேன். அவன் என்பது அவள் ஆக வேண்டும், வந்தான் என்பது வந்தாள் ஆக வேண்டும், ன் போய் ள் வர வேண்டும், இதற்குப் போய் யார் உட்கார்ந்து விரல் தேய்ப்பது என்று மொத்தக் கதைக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஒரே தட்டாகத் தட்டிவிட்டேன். கதை என் கண்ணெதிரே நாசமாய்ப் போயிற்று. அன்பு அள்பு ஆனது. கன்னம் கள்னம் ஆனது. அவள் குரல் தேன் என்று இருந்த இடத்தில் அவள் குரல் தேள் என்று இருந்தது. ‘என் முன் வந்து நில்’ என்று கதாநாயகன் உறுமுகிற இடத்தில் ‘எள் முள் வந்து நில்’ என்று யாரோ மந்திரவாதி உறுமினார். போதாக்குறைக்கு, அவன்களெல்லாம் அவள் ஆகிவிட, முன்பே இருந்த அவளும் அவளாகவே நிற்க, கதைக்குள் ஆம்பளை என்று ஒருத்தன் மிச்சமில்லை. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். சுலோச்சனா மேடத்துக்குப் போன் போட்டு, மேடம் உங்க ஹீரோயின் வாயில தேள் என்று சொல்லியிருப்பேன். இன்றைக்குச் சிரிப்பும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. பழையபடி மாற்றி வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் மாற்றிக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட பாத்திரம் சிங்க்கில் கிடக்கிறது. உள் அறையில் அவர் தூங்குகிறார், ஃபேன் சத்தத்தோடு குறட்டையும் சேர்ந்து வருகிறது. ஹர்ஷினி டியூஷன் முடிந்து ஐந்து மணி வாக்கில் வந்துவிடுவாள். வந்ததும் அவளுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

காலையில் தலை பின்னும்போதுதான் கேட்டாள். பன்னிரண்டாவது படிக்கிறவள், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாதான் பின்னிவிட வேண்டும். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, சுவரைப் பார்த்தபடி, “டியூஷன் முக்குல ஒரு பையன் நிக்கிறான்மா” என்றாள். நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்றேன். “ரொம்ப நாளா நிக்கிறான். நேத்து கையைப் பிடிச்சுட்டான். பதில் சொன்னாத்தான் விடுவேன்னான்.” என் விரல்கள் பின்னலுக்குள்ளேயே நின்றுவிட்டன. நீ என்ன சொன்ன என்று கேட்டேன். “நாளைக்குச் சொல்றேன்னேன். விட்டுட்டான்.” அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. “எனக்குப் பிடிக்கலைம்மா. ஆனா அப்பாவும் இப்படித்தானே? மொதல்ல பிடிக்காது, அப்புறம் பிடிச்சுப் போயிடும் இல்ல? உனக்கு அப்பாவை எப்பப் பிடிச்சுது?” கிண்டல் இல்லை, குறும்பு இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டாள். ரப்பர் பேண்டைப் போட்டு முடித்துவிட்டு, சாயங்காலம் வா, சொல்றேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். இன்றைக்கு டியூஷன் வேண்டாம், வீட்டில் இரு என்று சொல்லத் தெரியாதா எனக்கு. கெமிஸ்ட்ரி டெஸ்ட் என்றாள், சரி போ என்றேன். எனக்கு முன்னால் என் வாய் சொல்லிவிட்டது. என் வாய்க்கு ‘சரி’ என்பது அவ்வளவு பழக்கம்.

சுலோச்சனா மேடம் மாத நாவல் போடுகிறவர். பல வருஷமாக அவருக்கு நான் வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிறேன். ஒற்று, சந்தி, ல ள ழ, இதுதான் என் பிழைப்பு. போன வாரம் கூப்பிட்டு, “ரேணுகா, நம்ம பழைய ஹிட் ஒண்ணு அனுப்பறேன். ஆம்பளையைப் பொம்பளையாக்கு, பொம்பளையை ஆம்பளையாக்கு. டெரர் ஹீரோயின், அப்பாவி ஹீரோ. இப்ப கதை படிக்கிற ஆப்புல அதுதான் ஓடுது. கதையில கை வைக்காத, ஆளை மட்டும் மாத்து” என்றார். தலைப்பு எதற்கு, நிலவோ மூச்சோ உயிரோ ஏதோ ஒன்று வரும். கோடீஸ்வரன் ருத்ரேஷ், ஏழைப் பெண் மதிவதனி. இப்போது கோடீஸ்வரி ருத்ரா, ஏழைப் பையன் மதிவதனன். சொன்னபடி ஆளை மட்டும்தான் மாற்றுகிறேன். முதல் சந்திப்பில் ருத்ரேஷ் அவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு ‘மோசமில்லை’ என்று உதட்டோரம் சிரிப்பான். ருத்ரா அவனைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு ‘மோசமில்லை’ என்றாள். சந்தைக்கு மாடு வாங்க வந்தவள் மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு இடத்தில் ருத்ரேஷ் அவள் வீட்டு ஜன்னல் ஏறி வந்து, அவள் தூங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டே நிற்பான். அந்த இடத்தை எடுத்து எழுதிப் பாராட்டாத வாசகி இல்லை. ருத்ரா ஜன்னல் ஏறி வந்து அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் என்று மாற்றியதும் அது பேய்க்கதை ஆயிற்று. அவன் அப்பாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டு, ‘என்னிடம் வா, திருப்பித் தருகிறேன்’ என்கிறாள். இந்தப் பெண்ணைப் பற்றி ஏன் இன்னும் யாரும் போலீஸில் சொல்லவில்லை என்று எனக்கே தோன்றியது. ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாமி சத்தியமாக எழுத்துதான் மாறியது.

அந்தப் பையன் மதிவதனன்தான் என்னை என்னவோ செய்கிறான். ருத்ரா சுவரோடு சேர்த்து அவனை நிறுத்தி, இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொள்கிறாள். அவன் உதட்டைக் கடித்துக்கொள்கிறான். கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்கிறான். அவளுக்கு அந்த நடுக்கம் பிடித்திருக்கிறதாம், இன்னும் நெருங்குகிறாள். யாராவது வந்து அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போங்களேன் என்று இருந்தது எனக்கு. எங்கே அவன் அம்மா, எங்கே அந்த ஆபீஸ் வாட்ச்மேன், ஒருத்தருக்கும் கண் இல்லையா. இதே பக்கத்தை மதிவதனியாக நான் எத்தனை தடவை படித்திருப்பேன், இதே கண்ணில் இதே நீர் கோத்தது. அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘கோத்தது’வா ‘கோர்த்தது’வா என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். அவள் அழுதால் அது காதல், இவன் அழுதால் இது கொடுமை. நான் ஒருத்திதான் படித்தேன், என் கண்தான் இரண்டு விதமாகப் பார்த்தது. மௌஸ் பிடித்த கை மரத்துப் போயிருக்கிறது. உதறினால் சரியாகும். உதறத் தோன்றவில்லை, அப்படியே இருக்கட்டும், கொஞ்ச நேரத்தில் அதுவாக வரும். அவர் குறட்டை ஒரு நிமிஷம் நின்று, மறுபடி ஆரம்பிக்கிறது.

எங்கள் கதையை அவர் மாதிரி யாரும் சொல்ல முடியாது. கல்யாண வீடோ காதுகுத்தோ, நாலு பேர் கூடிவிட்டால் போதும், குணசீலா உன் லவ் ஸ்டோரியைச் சொல்லுப்பா என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். அவரும் பந்தியிலிருந்து எழுந்த கையோடு ஆரம்பித்துவிடுவார். டைப்ரைட்டிங் க்ளாஸ் வாசலில் தினமும் நின்றது, நான் போகிற பஸ்ஸின் பின்னாலேயே டி.வி.எஸ்ஸில் வந்தது, நான் காறித் துப்பாத குறையாக முறைத்தது, கடைசியில் ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்தது. “சரின்னு சொல்லு, இல்லைன்னா வர்ற பஸ்ஸுல விழுந்துருவேன்னேன். மகாராணி சரின்னுட்டா.” அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஹர்ஷினி மடியில் கிடக்கிற குழந்தையாக இருந்தபோதிருந்தே இதைக் கேட்டு, கூடச் சேர்ந்து சிரித்து வளர்ந்தவள். பிறகு அவளே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள், எங்கப்பா எங்கம்மாவை விடவே இல்லை தெரியுமா என்று. நடந்தது எனக்குத் தெரியும். வாட்ச் கொக்கி மணிக்கட்டில் அழுந்தி வலித்தது. வேர்க்கடலை விற்கிறவர் பார்த்துக்கொண்டிருந்தார், பூக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தார், எங்கள் தெரு மாமா ஒருத்தர் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். உறையூர் பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது எப்போதோ, வீட்டில் அப்பா வாசலில் நிற்பார். கையை விடட்டும் என்று சரி என்றேன். விட்டார். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த மாமா எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டார், நாலு பேர் பார்த்தாச்சு இனிமே என்ன என்று அப்பா சொன்னார், பிறகு பத்திரிகை அடித்தார்கள். ஒருவேளை நான் அவர் வேலை பார்த்த லேத் பட்டறை வாசலில் தினமும் போய் நின்றிருந்தால்? அவர் வண்டிக்குப் பின்னாலேயே போய், சத்திரத்தில் வைத்து அவர் கையைப் பிடித்து, சரின்னு சொல்லு இல்லைன்னா பஸ்ஸில் விழுவேன் என்றிருந்தால்? அதைப் பந்தியில் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் பேர் கொண்ட அந்தக் குணசீலம் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பெருமாள் சந்நிதியில் உட்கார்த்தி, பொண்ணுக்குப் பேய் பிடிச்சிருக்கு என்று முகத்தில் தண்ணீர் அடித்திருப்பார்கள்.

பிடிச்சிருக்கு. இதே வார்த்தைதான் எல்லாவற்றுக்கும். கையைப் பிடித்தான், பேய் பிடித்தது, ஜலதோஷம் பிடித்தது, சனி பிடித்தது, எனக்கு அவரைப் பிடித்தது. அவர் பிடித்தது எப்போது என்று கேட்டால் இடம் பொருள் எல்லாம் சொல்வேன். எனக்குப் பிடித்தது எப்போது என்றால் தேடுகிறேன். காலையிலிருந்து தேடுகிறேன். கெட்ட மனுஷன் இல்லை அவர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. டைபாய்டில் நான் கிடந்தபோது ராத்திரி பூராவும் கால் பிடித்து விட்டார், பாருங்கள், அதுவும் பிடித்துத்தான். ஹர்ஷினி பிறந்தபோது பெண் குழந்தை என்று அவர் அம்மா முகத்தைத் தூக்கியதற்கு, அவர்களோடு பேச்சையே விட்டார். அப்போது பிடித்ததா? அப்போது ஒரு நிம்மதி இருந்தது. மார்க்கெட்டிலிருந்து வரும்போது எனக்கென்று தனியாகச் சுண்டைக்காய் வாங்கி வருவார், அப்போதா? அப்போது சுண்டைக்காய் பிடித்தது. கூடவே இருந்து இருந்து, அவர் இருமினால் எந்த இருமல் என்று தெரிகிறது, அவர் வர லேட்டானால் வாசலைப் பார்க்கிறேன். அதற்குப் பெயர் அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டுமா வேண்டாமா என்று யாராவது கேட்டு, நான் யோசித்து, ஆமாம் என்று சொன்ன ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் எங்கேயாவது கிடக்கும் என்று தேடுகிறேன். அகப்படவில்லை. அழுகை வர வேண்டும் இந்த இடத்தில். வரவில்லை.

பாதிக் கதையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். கோயிலில் வைத்து, மதிவதனி சுதாரிப்பதற்குள், ருத்ரேஷ் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து அவள் கழுத்தில் கட்டிவிடுவான். இதுதான் கதைக்கே உச்சம். அவன் சுதாரிப்பதற்குள், ருத்ரா கைப்பையிலிருந்து எடுத்து அவன் கழுத்தில், என்று தட்டிவிட்டுப் பார்க்கிறேன். எதை எடுத்து? எதைக் கட்டுவாள்? ன் போட்டால் ள் இருக்கிறது, டி போட்டால் டா இருக்கிறது, தாலிக்கு மறுபக்கம் எழுத்தே இல்லை. மேடத்துக்குப் போன் போட்டேன். தூக்கத்தில் இருந்தார் போல.

“ஒரு சங்கிலியைப் போட்டு விடேன்” என்றார்.

“பொறந்தநாள் பரிசு மாதிரி இருக்கும் மேடம்.”

“அப்ப மோதிரம்.”

“கழட்டி வச்சுட்டுப் போயிடுவானே மேடம்.”

“மெட்டி?”

“அதையும் அவன்தான் அவளுக்குப் போடணும்.”

மேடம் சிரித்தார். பிறகு, “ஆமா, கழட்டிடுவான்ல” என்றார். “மதிவதனி ஏன் கழட்டலை ரேணுகா?” அதை என்னிடம் கேட்கிற மாதிரி தெரியவில்லை. சரி, அந்த இடத்தை விட்டுட்டு மேல போ, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று வைத்துவிட்டார்.

நாளைக்கு. மேலே போகலாம் என்று அடுத்த அத்தியாயத்தைத் திறந்தேன், மூன்று வரி திருத்தினேன், நான்காவது வரியில் விரல் நின்றது. நாளைக்குச் சொல்றேன்னேன் என்று காலையில் சொன்னாள். அதை நேற்று சொல்லியிருக்கிறாள். நேற்றைக்கு நாளைக்கு என்றால் இன்றைக்கு. எழுத்துக்கு எழுத்து பார்க்கிறவள், பின்னலைப் பிடித்துக்கொண்டு காதால் கேட்டவள், எனக்கு இது இத்தனை நேரம் உறைக்கவே இல்லை. டெஸ்ட் எழுதிவிட்டு அதே முக்கு வழியாகத்தான் வருவாள். பதில் வாங்க அவன் நிற்பான். பதிலுக்காக இவள் என்னிடம் வந்தாள், நான் சாயங்காலம் வா என்றேன், அவனுக்கு அதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். ஹர்ஷினிக்குப் போன் போட்டேன். அது அலமாரி மேல் மணி அடித்தது, டியூஷனுக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. அவரை எழுப்பலாம். எழுப்பினால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எவன்டா என் பொண்ணு கையைப் பிடிச்சவன் என்று போய் அவன் பல்லைத் தட்டிவிட்டு வருவார். வந்து அடுத்த கல்யாண வீட்டில் பழைய கதையைச் சொல்வார். இரண்டும் ஒரே வாயில் வரும், அவருக்கு இடிக்காது. இவளுக்கு என்ன விளங்கும்? அப்பா பிடித்தால் கதை, இவன் பிடித்தால் அடி, ஆக எல்லாம் அப்பா பார்த்துச் சொல்கிறதுதான் என்று விளங்கும். நானே போகிறேன். எழுந்தால் கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அதுவும் மரத்துப் போயிருக்கிறது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் என்று தெரிகிறது, ஆனால் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி எங்கேயோ கேட்கிறது. செருப்பைக் காலால் தேடும்போதே கேட் சத்தம் கேட்டது.

“சீக்கிரம் விட்டுட்டாங்க” என்று உள்ளே வந்தாள். பையை இறக்கி வைத்தாள். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, நின்றபடியே குடித்தாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். உறையூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தோடுதான் நான் வீட்டுக்குப் போனேன்.

“காலையில கேட்டியே” என்றேன். “பிடிக்கலைடி. அன்னைக்கு எனக்கு அப்பாவைப் பிடிக்கவே இல்லை. கையை விடட்டும்னுதான் சரின்னேன்.”

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

“நானும் அதுக்குத்தாம்மா இப்ப சரின்னு சொல்லிட்டு வந்தேன்” என்றாள்.

எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. அறுந்த பிறகுதான் அது இத்தனை வருஷம் இழுத்துக் கட்டிக் கிடந்தது என்று தெரிந்தது. வலித்தது, நல்லவேளை, வலித்தது. அவளைக் கிட்டே இழுக்கக் கையை நீட்டினேன், இழுக்கவில்லை, நீட்டியபடி வைத்திருந்தேன். அவளாக வந்து தோளில் சாய்ந்தாள்.

“அது சரியே இல்லை” என்றேன். “கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா நம்ம வாயில வர்றது, அது பதிலே கிடையாது. அவன் வீடு எங்க?”

“டியூஷனுக்குப் பின்னாடி தெரு. அவங்கம்மா டெய்லரிங் கடை வச்சிருக்காங்க.”

“அவங்ககிட்டயே போவோம். அவனும் இருக்கட்டும். உன் வாயால சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்.”

“நான் சொல்லலாமா? சரின்னு சொன்னதுக்கு அப்புறம்?”

“சொல்லலாம்.”

குறட்டை எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. அவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், கண்ணில் தூக்கம் இல்லை. எதுவரை கேட்டிருக்கிறார் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. “அப்ப அன்னைக்கு நீ” என்றவர், மேலே போகவில்லை. கதை சொல்கிற மனுஷனுக்கு வார்த்தை வராமல் நின்றதை நான் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லி மெழுகிவிடலாம், அது எனக்குக் கை வந்த வேலை. வேண்டாம் என்று விட்டேன்.

“ஆமாங்க” என்றேன்.

ஹர்ஷினி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றாள். நானும் இறங்கினேன். அவர் சட்டையைத் தேடி எடுத்து, ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, வாசல் வரை வந்தார்.

“நானும் வரட்டுமா?”

கேட்டுவிட்டு, பதிலுக்கு நின்றார். நான் யோசித்தேன். நின்று, நிதானமாக, எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன்.

“வேண்டாம்” என்றேன்.

அவர் அங்கேயே நின்றுகொண்டார்.